மடக்கு சைக்கிளில் பத்திரிகை வைக்கப் போனது

நைனா,

நீ நல்லா இருக்கியா, வேளா வேளைக்குச் சாப்பிடறியான்னு உங்கம்மா கேட்டு எழுதச் சொன்னா. எழுதிட்டேன். இனிமே வர்றதெல்லாம் நான் எழுதறது. போன ஞாயித்துக்கிழமை போன்ல நீ ரெண்டு கேள்வி கேட்ட. கல்யாணப் பத்திரிகை வைக்கறதுக்குன்னு நீ பூனாவுல உக்காந்துகினு இங்க கார் புக் பண்ணி அனுப்பினியே, அந்த டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து ஏன் திருப்பி அனுப்பினேன்னு கேட்ட. அது ஒண்ணு. உனக்குக் கூடப்பொறந்த பொண்ணு கெடையாது, மேடையில நீ மொத முடிச்சு போட்டதும் நாத்தனாரா பின்னாடி நின்னு மத்த ரெண்டு முடிச்சு யாருப்பா போடப் போறாங்கன்னு கேட்ட. அது ரெண்டு. மொதல் கேள்விக்கு ஏசி கார் எனக்கு ஒத்துக்கலன்னு சொன்னேன். ரெண்டாவதுக்கு சிக்னல் சரியில்லன்னு போனை வச்சுட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான், அதைப் போன்ல சொல்ற தெம்பு எனக்கு இல்ல. அதான் பட்டறையில இருந்து ஒரு நோட்டுப் புஸ்தகம் எடுத்துகினு வந்து உக்காந்துட்டேன்.

விஷயம் உன் சைக்கிள்ல இருந்து ஆரம்பிக்குது. நம்ம தொழிற்பேட்டை எஸ்டேட்டுல அந்த கம்ப்யூட்டர் கம்பெனியில நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல, தொப்பையைக் குறைக்கறேன்னு ஒரு மடக்கு சைக்கிள் வாங்கின. எண்ணி பன்னெண்டு நாள் ஓட்டின. பதிமூணாவது நாள்ல இருந்து அது மாடி ரூம்ல ஈரத் துண்டு காயப்போடற ஸ்டாண்டா ஆயிடுச்சு. நீ பூனாவுக்குப் போனதும் உங்கம்மா அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம்னு சொன்னா. நடு முறிஞ்ச சைக்கிளை யாராவது ஊட்ல வச்சுப்பாங்களான்னு கேட்டா. முப்பத்தாறு வருஷம் பிட்டர் வேலை பார்த்தவன்டா நான், ஒரு கீலைப் பார்த்தா கை சும்மா இருக்குமா. எண்ணெய் விட்டேன், க்ளாம்பைத் தொறந்தேன், மடக்கினேன், வெரலை நசுக்கிகினேன், மறுபடி பிரிச்சேன். சாயந்தரத்துக்குள்ள அது எனக்குப் பழகிடுச்சு. மறுநாள் காலையில கள்ளிக்குப்பத்துல இருந்து எஸ்டேட்டு பட்டறைக்கு அதுலயே போயிட்டேன்.

மொத நாள் டீக்கடையில ஒருத்தன் கேட்டான், "இன்னா அண்ணாத்தே, உன் சைஸுக்கு வண்டி கெடைக்கலயா?" எல்லாரும் சிரிச்சாங்க. "என் சைஸுக்கு வாங்கினா மடக்க முடியாது மாமே"ன்னு சொல்லி, அவன் கண்ணெதிர்லயே மடக்கி பெஞ்சுக்குக் கீழ தள்ளிட்டு டீ குடிச்சேன். இப்ப அந்த ஆளு தெனம் ஒரு தடவையாவது அதை மடக்கிப் பார்க்காம விடறதில்ல. பட்டறையில சைக்கிள் லேத்துக்குப் பின்னாடி நிக்கும். ரேஷன் கடை க்யூவுல என் காலாண்ட நிக்கும். மாவு மில்லுல தராசு பக்கத்துல நிக்கும். அதுல இருந்த கேரியர் பொம்மைக்குப் பண்ண மாதிரி இருந்துச்சு, அதைக் கழட்டிப் போட்டுட்டு ராடு வளைச்சு நானே ஒண்ணு வெல்டு வச்சு அடிச்சேன். ஒரு சிப்பம் அரிசி வச்சாலும் அசையாது. ஸ்கூட்டர்ல போன காலத்துல நம்ம ஏரியாவுல எந்தத் தெருவுல எந்த மரம் நிக்குதுன்னு எனக்குத் தெரியாதுடா. இப்ப எந்த வீட்ல காலையில என்ன தாளிக்கறாங்கன்னு வரைக்கும் தெரியும். அறுபத்தொரு வயசுல இப்படி ஒரு சந்தோசம் எனக்கு எழுதி வச்சிருக்குன்னு நான் நெனைக்கவே இல்ல.

ஒரு நாள் ஆவடியில உங்கம்மா வழி சொந்தக்காரங்களைப் பார்க்க அதை மடக்கிகினு ட்ரெயின்ல ஏறினேன். எதிர்ல பூக்காரம்மா ஒண்ணு கூடையோட உக்காந்திருந்துச்சு. சைக்கிளை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இன்னாபா, வீல் சேரா? யாருக்கு ஒடம்பு முடியல?"ன்னு கேட்டுச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, "கவலப்படாத, எல்லாம் சரியாப் பூடும், ஊட்ல சாமிக்குப் போடு"ன்னு ரெண்டு மொழம் மல்லியைக் கிள்ளி என் மடியில வச்சிடுச்சு. இது சைக்கிள்மான்னு ஆவடி பிளாட்பாரத்துல எறங்கிப் பிரிச்சுக் காட்டினேன். ஜன்னல் வழியா அது சிரிச்ச சிரிப்பு பெட்டி பூரா கேட்டுச்சு. பூவைத் திருப்பிக் குடுத்தேன், வாங்கல. உங்கம்மா தலையில வச்சுகினா.

சரி, பத்திரிகைக்கு வர்றேன். நம்ம பக்கத்துல பத்திரிகை வைக்கறதுன்னா வாட்ஸ்ஆப்ல படம் அனுப்பறது இல்ல, உனக்கே தெரியும். புருசன் பொண்டாட்டி ஜோடியா போகணும், தட்டுல வெத்தல பாக்கு பழம் மேல பத்திரிகையை வச்சு, குங்குமம் குடுத்து, பேரைச் சொல்லி வாய் தொறந்து கூப்பிடணும். அப்பத்தான் அது அழைப்பு. உங்கம்மா முட்டிக்கு சைக்கிள் வேணாம்னு, அவ ஷேர் ஆட்டோவுல முன்னாடி போவா, நான் பின்னாடியே மிதிச்சுகினு போவேன். தெருமுனையில சேர்ந்து நின்னு வேர்வையைத் தொடச்சுகினு உள்ள போவோம். நாலு வீட்ல மோர், மூணு வீட்ல கூல் ட்ரிங்க்ஸ், ஒரு வீட்ல வலுக்கட்டாயமா இட்லி. சித்திரை வெயில் மண்டையைப் பொளந்துச்சு, ஆனா மாப்பிள்ளையோட அப்பன்காரன் சைக்கிள்ல வந்து கூப்பிட்டான்னு ஊரே சிரிச்சுகினு வாங்கிச்சு. எல்லா வீடும் முடிஞ்சுது. ஒரு வீடு மட்டும் பாக்கி. குமணன்சாவடியில உங்க பெரியப்பா வீடு.

அங்க ஏன் போகலன்னு உனக்குத் தெரியும்னு நீ நெனைக்கற. பாதிதான் தெரியும். நீ ப்ளஸ் ஒன் படிச்சப்ப கற்பகத்துக்குக் கல்யாணம் வெச்சாங்க. உங்க பெரியப்பாவுக்கு அவ ஒரே பொண்ணு, எனக்கு நீ ஒரே பையன். தம்பிதான் எனக்குப் பொரி போடணும்னு அவ சின்ன வயசுல இருந்தே சொல்லி வச்சிருந்தா. மணவறையில பொண்ணு கையில பொரி அள்ளிப் போடற தம்பிக்கு என்னா மதிப்புன்னு நான் சொல்ல வேணாம். உனக்கு நீலக் கலர்ல ஒரு சட்டை தெச்சோம். ஒரு நாள் ஷிப்ட் விட்டு நான் கேட்டைத் தாண்டி வெளிய வர்றேன், எங்கண்ணன் வண்டியை ஓரம் கட்டி, "டேய், ஊட்டாண்ட வந்தேன், பூட்டிக் கெடந்துச்சு, இந்தா, எல்லாரும் வந்துடுங்க"ன்னு பத்திரிகையை என் கையில திணிச்சுட்டுப் போயிட்டார். அவ்ளோதான். கூடப்பொறந்தவனை ரோட்டுல நிக்க வச்சுக் கூப்பிட்டியான்னு எனக்குப் பொத்துகினு வந்துச்சு. கூட வேலை பார்க்கறவனுங்க நாலு பேர் வேற பார்த்துட்டானுங்க. அவன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு வீட்ல வந்து குதிச்சேன். நானும் போகல, உங்கம்மாவையும் விடல, உன்னையும் விடல.

கல்யாணத்தன்னிக்கு காலையில நீ குளிச்சு அந்த நீலச் சட்டையைப் போட்டுகினு கூடத்துல உக்காந்திருந்த. மனசு மாறிடுவேன்னு நெனச்சிருப்ப. நான் டிவியைப் போட்டுட்டேன். முகூர்த்த நேரம் தாண்டினதும் நீ எழுந்து போய் சட்டையைக் கழட்டி, மடிச்சு, பீரோவுல வச்சுட்டு வந்த. நீ கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், அதோட போயிருக்கும். இது வரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணு கீது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பக்கத்து வீட்டம்மா என்கிட்ட சொல்லிச்சு, உங்க அண்ணனும் அண்ணியும் தட்டு, பழம் எல்லாம் எடுத்துகினு ரெண்டு தடவ வந்தாங்க, பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்கன்னு. ரெண்டு தடவ, ஜோடியா, முறையா வந்திருக்காங்க. அது தெரிஞ்சும் நான் போகல. உங்க எதிர்ல சபதம் போட்டாச்சு, இப்ப எறங்கி வந்தா என் மூஞ்சி என்னாவறதுன்னு வீம்பு. இதை உங்கம்மாகிட்டகூட சொல்லாம இத்தன வருஷம் வச்சிருந்தேன். அது தப்புடா. கோவத்துல செஞ்சிருந்தாக்கூட மன்னிக்கலாம், நான் தெரிஞ்சே செஞ்சேன்.

இப்ப காரை ஏன் திருப்பி அனுப்பினேன்னு சொல்றேன். கார்ல போனா டிரைவர் நேரா கொண்டுபோய் எங்கண்ணன் வாசல்ல நிறுத்திடுவான், எறங்கித்தான் ஆகணும். சைக்கிள்னா நடுவுல எங்க வேணா திருப்பிக்கலாம். எங்க பயம் வந்துச்சுன்னா அங்க மடக்கி பஸ்ல போட்டுக்கலாம். அது ஒண்ணுதான் காரணம், ஏசி எல்லாம் சும்மா. மொத தடவ உங்கம்மாகிட்ட சொல்லாம விடியக்காலம் பஸ்ல வானகரம் வரைக்கும் போய் அங்க சைக்கிளைப் பிரிச்சேன். அதுக்கு மேல ஒரு மிதி மிதிக்கத் தைரியம் வரல. எங்க போனேன்னு வீட்ல கேட்டா சொல்ல ஏதாவது வேணுமேன்னு மீன் மார்க்கெட்டுல பூந்து ஒரு கிலோ சங்கரா வாங்கிகினு திரும்பிட்டேன். அன்னிக்கு அமாவாசைடா. உங்கம்மா தலைமுழுகி சாமிக்குப் படைக்க உக்காந்திருக்கா, நான் மீன் பையோட வாசல்ல நிக்கறேன். "புத்தி கித்தி பெசகிடுச்சா உனக்கு"ன்னு கேட்டா. மீனைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன். அங்கயும் அமாவாசைதான், ஐஸ் பெட்டியில வச்சுகினாங்க.

ரெண்டாந்தடவ வேலப்பஞ்சாவடியில பஞ்சர். இம்மாத்தூண்டு ட்யூபுக்கு பஞ்சர் ஒட்ட என்கிட்ட தொட்டி பெருசா கீதேன்னு கடைக்காரர் சிரிச்சார். சகுனம் சரியில்லன்னு எனக்கு ஒரு சாக்கு கெடச்சுது, திரும்பிட்டேன். மூணாந்தடவ குமணன்சாவடி வரைக்கும் போயிட்டேன். ஜங்ஷன்ல ஒரு டீக்கடையாண்ட எங்கண்ணன் முதுகு காட்டி நிக்கறார். நைனா, அவர் தோளெல்லாம் எறங்கிப் போச்சுடா. என்னைத் தூக்கி வச்சுகினு ஏரியில குதிச்ச தோள் அது. தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. அவர் திரும்பறதுக்குள்ள நான் வண்டியைத் திருப்பிட்டேன். அப்பன்காரன் எவ்ளோ பெரிய தைரியசாலின்னு பார்த்துக்க.

அன்னிக்குச் சாயந்தரம் உங்கம்மா சைக்கிள் முன்னாடி தொங்கற பையைத் தோய்க்கறதுக்காகக் கவுத்தா. குங்குமச் சிமிழும், ஒரு பத்திரிகையும், காஞ்சு சருகாப்போன வெத்தலையும் விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா. "வெத்தல மூணு நாளா வாடுது. யாருக்கு எடுத்துனு போன?" பக்கத்து வீட்டம்மா சொன்ன விஷயம் உட்பட எல்லாத்தையும் அப்பத்தான் அவகிட்ட சொன்னேன். திட்டுவான்னு பார்த்தேன். வெத்தலச் சருகைக் குப்பையில போட்டுட்டு, "ஒத்தையில போனா அது அழைப்பா? ஜோடியா வந்தவங்கள ஒத்தையில போய்க் கூப்பிடுவியா? காலையில நானும் வர்றேன்"னு எழுந்து போயிட்டா. இதை மட்டும் நல்லாக் கேட்டுக்க, நாளைக்கு உனக்கும் நீ கட்டிக்கப்போற சுகன்யாவுக்கும் பேச்சு முத்தும், அவ ஊட்டு மனுசங்களோட ஏதாவது வரும். அப்ப யார் மொதல்ல போறதுன்னு பார்த்துகினு நிக்காத. தனியாப் போகவும் பார்க்காத. பயமா கீதுன்னு அவகிட்டயே சொல்லு. நான் மூணு தடவ தனியாப் போய் மூணு தடவயும் தோத்துட்டு வந்தேன்.

மறுநாள் புது வெத்தல, மாம்பழம், அவளோட மாம்பழக் கலர் பட்டுப்புடவை. குமணன்சாவடி ஸ்டாப்புல பஸ் எறங்கினோம். எங்கண்ணன் தெரு உள்ள தள்ளி, ஷேர் ஆட்டோ போகாது, அவளுக்கு முட்டி வலி. சைக்கிளைப் பிரிச்சு கேரியரைக் காட்டினேன். "எது, இதுலயா? விழுந்தா கல்யாணத்துக்கு பதிலா காரியம் பண்ண வேண்டியதுதான்"னா. நான் அடிச்ச கேரியர்மா, அரிசி மூட்டையே தாங்குச்சுன்னேன். என்னை அரிசி மூட்டைன்றியான்னு திட்டிகினே ஒருக்களிச்சு ஏறி உக்காந்தா, மடியில தட்டு, ஒரு கை என் இடுப்புல. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேராச்சு. கல்யாணமான புதுசுல ஓட்டினதுக்கப்புறம் இப்பத்தான்டா உங்கம்மாவை வச்சு டபுள்ஸ் அடிக்கறேன். மெட்ரோ தூணாண்ட பைக்ல போன ஒருத்தன் ஸ்லோ பண்ணி, "பெருசு, செமயா கீது"ன்னு கட்டை வெரலைக் காட்டிட்டுப் போனான். பின்னாடி உங்கம்மா சிரிக்கறா, வண்டியே குலுங்குது. பயத்தை அஞ்சு நிமிசம் மறந்தே போயிட்டேன்.

எங்கண்ணன் கேட்டுக்கு உள்ள நாற்காலி போட்டு பேப்பர் படிச்சுகினு இருந்தார். பார்த்தார். எழுந்துக்கல. தட்டைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். "பத்திரிகையா? ரோட்டுலயே குடுத்துட்டுப் போ. எங்களுக்கு அதெல்லாம் பழக்கந்தான்"னார். அது எனக்கு வேண்டியதுதான். ஒரு நிமிசம் பழைய கோவம் தலைக்கு ஏறிச்சு, பொய் சொல்ல மாட்டேன். கை தானா ஹேண்டில் பாரைத் திருப்பப் பார்த்துச்சு. ஆனா கேரியர்ல உங்கம்மா எறங்காம உக்காந்திருக்கா, எப்படித் திருப்பறது. "அண்ணா, நீங்க ரெண்டு தடவ ஊட்டாண்ட வந்தீங்க. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வராம இருந்தேன். தப்பு என்னுது. உள்ள வந்து சொல்லணும்னுதான் வந்தேன்"னு சொன்னேன். அவர் பேப்பரை எறக்கினார். "தெரியுமாடா உனக்கு?" தெரியாமத்தான் இருந்துட்டான்னு இத்தன வருஷம் என் பக்கம் நியாயம் தேடிகினு இருந்திருக்கார்டா மனுசன். எனக்குச் செத்துடலாம் போல இருந்துச்சு.

அதுக்குள்ள லீவுக்குப் பசங்களோட அப்பன் வீட்டுக்கு வந்திருந்த கற்பகம் வெளிய வந்தா. எங்களை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இன்னா சித்தப்பா, சித்தியை லோடு அடிச்சுகினு வந்துகீற?"ன்னு கேட்டாளே பார்க்கணும், எங்கண்ணன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிகினார், தோள் குலுங்குது. சிரிக்கறாரா அழறாரான்னு எனக்குத் தெரியல, ரெண்டும்னு நெனைக்கறேன். அண்ணி தண்ணி செம்போட வந்து, உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்க. அண்ணனே எழுந்து வந்து சைக்கிளை வாங்கி, "இது எப்படிடா மடியுது?"ன்னார். மடக்கிக் காட்டினேன். உள்ள தூக்கினு போய் ஹால்ல ஃபேனுக்குக் கீழ வச்சார்.

தட்டு வச்சோம், பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம். அப்புறம் நான் கற்பகத்துகிட்ட தனியா ஒரு தட்டு நீட்டி, "அம்மா, தம்பிக்கு நாத்தனார் முடிச்சு நீதான் போடணும். உனக்குப் பொரி போட அவனை நான் அனுப்பல. இதைக் கேக்க எனக்கு வாய் இல்ல, இருந்தாலும் கேக்கறேன்"னேன். அவ தட்டை வாங்கிகினு சொல்றா, "அவன் ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டுட்டான் சித்தப்பா. உங்கப்பா வந்து கூப்பிடட்டும்டா, அப்பத்தான் வருவேன்னு நான்தான் சொன்னேன்." திருட்டுப் பயலே. இத்தன வருஷமா மாசாமாசம் அக்காவும் தம்பியும் போன்ல பேசிகினு இருந்திருக்கீங்க. பதிலைக் கையில வச்சுகினு என்கிட்ட கேள்வி கேட்டிருக்க. காரை அனுப்பினதும் என்னை எங்கண்ணன் வாசல்ல எறக்கி விடத்தான்னு பஸ்ல வர்றப்பதான் எனக்கு உறைச்சுது. உங்கம்மா மத்தியானம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எங்கண்ணன் முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாடியே வந்து பந்தக்கால் நடறேன்னு சொல்லியிருக்கார்.

இதெல்லாம் கற்பகம் இந்நேரம் உனக்குச் சொல்லியிருப்பா. அப்புறம் எதுக்கு எழுதறேன்னா, எங்கண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு, அந்தப் பொண்ணுகிட்ட கேட்டாச்சு. உன்கிட்ட இன்னும் கேக்கல. பெத்தவன் புள்ளைகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நம்ம பக்கத்துல ஒரு முறையும் வச்சுட்டுப் போகல, தட்டு வெத்தல எதுவும் கெடையாது. அதான் நைனா இந்தக் கடுதாசி. அன்னிக்குக் காலையில நீ கூடத்துல உக்காந்திருந்தப்ப நான் டிவியைப் போட்டேனே, அதுக்கு என்னை மன்னிச்சுடு. நீ ஊருக்கு வர்ற அன்னிக்கு நான் ஸ்டேஷனுக்கு வருவேன். இதைப் படிச்சேன்னு மட்டும் சொல்லிடாத, பிளாட்பாரத்துல நாலு பேர் எதிர்ல அழுதுடுவேன். எறங்கினதும், "சாப்டியாப்பா?"ன்னு கேளு. நான் புரிஞ்சுக்கறேன்.

உன் அப்பா